ஆங்கிலச் சொல்லின் ஒலியும் உறுப்பும்



தர்மபுரி மாவட்டத்தில் பொம்மிடி என்று ஓர் ஊர் உண்டு. பென்னாகரம் என்றும் ஓர் ஊர் உண்டு. பொம்மிடிக்குப் புகைவண்டி நிலையம் பெருமை. ஒகேனக்கல் அருவிக்குச் செல்வோர் தன்னைக் கடந்து செல்வது பென்னாகரத்திற்குப் பெருமை. இவ்விரண்டு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணைக் கேட்டால் இரண்டும் பகரத்தில் தொடங்குகின்றன என்று சொல்லும். காதைக் கேட்டால் அது வேறு விடை தரும். பென்னாகரத்தின் பகரம் வல்லென்று வெடிக்கிறது. பொம்மிடியின் பகரம் தொண்டையின் அதிர்வோடு கலந்து மெத்தென்று வருகிறது. தொப்பூரையும் தர்மபுரியையும் அவ்வாறே சொல்லிப் பாருங்கள். எழுதும்போது ஒரே தகரம், சொல்லும்போது இரண்டு.

இம்மாவட்டத்துப் பிள்ளைகள் எவரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. யாரும் அவர்களுக்கு இதனைக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. ஆங்கில ஒலிகள் நம் நாவுக்கு எட்டாதவை என்று அஞ்சும் மாணவர்களுக்கும், அவ்வாறு சொல்லி அச்சுறுத்தும் பெரியோர்களுக்கும் நான் முதலில் காட்டும் சான்று இந்த ஊர்ப்பெயர்களே.

அந்த அச்சம் சிறிதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே கடைசி இடம். ஆகவே இங்குள்ள வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் ஏந்தியவர்கள். வீட்டிலே தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஆங்கிலம் பேசக்கூடும். ஆனால் பிள்ளை பேசினால் கேட்டுத் திருத்த அங்கே ஆள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடத்தைத் தடையின்றி, இனிய குரலில் படித்துக் காட்டினான். மகிழ்ந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி, இன்னும் நடத்தப்படாத பாடத்தின் முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். அவன் வாய் திறக்கவில்லை. அந்த வரியில் அவனுக்குத் தெரியாத எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அதுவரை எழுத்தைப் படிக்கவே இல்லை. ஆசிரியர் குரலைக் கேட்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். குற்றம் அவனுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு எழுத்துகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எழுத்துகளின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்விரண்டிற்கும் வேறுபாடு என்ன என்று தமிழ் மாணவர்கள் வியக்கலாம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. க, ல், வி என்று கூட்டிச் சொன்னால் கல்வி என்ற சொல் தானே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லைச் சி, ஏ, டி என்று கூட்டிச் சொல்லிப் பாருங்கள். 'சியேட்டி' என்று ஏதோ வருமே அன்றிக் 'கேட்' வராது. அந்நெடுங்கணக்கில் எழுத்துகள் 26. ஆங்கிலேயர் வாயில் வழங்கும் ஒலிகளோ ஏறத்தாழ 44. இருபத்தாறு பேர் நாற்பத்து நான்கு பேருடைய வேலையைச் செய்கிறார்கள்; ஆகவே ஒருவரே பல வேடம் புனைகின்றார். இதனைத் தொடக்கத்திலேயே மாணவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒலியைக் கற்பிக்கக் கரும்பலகையைவிடக் காது உதவும். இப்போது இரண்டு சொற்களைச் சொல்கிறேன், கவனியுங்கள். ஒன்று குண்டூசியைக் குறிக்கும் 'பின்'; மற்றொன்று குப்பைத் தொட்டியைக் குறிக்கும் 'பின்'. இப்பேச்சு அச்சேறினால், படிப்பவர் நான் ஒரே சொல்லை இருமுறை சொன்னதாக எண்ணுவர். கேட்பவருக்கு வேறுபாடு புலப்படும். முன்னதில் பென்னாகரத்துப் பகரம். பின்னதில் பொம்மிடிப் பகரம். முன்னதற்கு ஒரு சிறு சிறப்பும் உண்டு. மெல்லிய தாளொன்றை வாய்க்கு முன்னே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயர் குண்டூசியைச் சொன்னால் தாள் அசையும். குப்பைத் தொட்டியைச் சொன்னால் அசையாது. முன்னதில் இதழ் திறந்ததும் ஒரு மூச்சு வெளியே பாய்கிறது. நம் பென்னாகரத்துப் பகரத்திற்கு அந்த மூச்சு இல்லை. ஆகவே நாம் குண்டூசி என்று எண்ணிச் சொன்னது ஆங்கிலக் காதிற்குச் சில வேளைகளில் குப்பைத் தொட்டியாகக் கேட்டுவிடும். தாளை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பழகினால் இக்குறை தீரும். இதற்குப் பொருட்செலவு ஒரு துண்டுத் தாள்தான்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கங்களில் வீட்டிலே கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவ்விரு மொழிகளின் நெடுங்கணக்கிலும் இந்த வல்லொலிக்கும் அதிர்வொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. அத்தகைய பிள்ளையை, தமிழும் சரியாக வராது, ஆங்கிலமும் வராது என்று பின் பலகைக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒலி வேறுபாட்டைக் கேட்டுணர்வதில் வகுப்பிலேயே முன்னிற்கத் தக்கவர் அவரே. ஆசிரியர் அவரை எழுப்பி, 'நீ சொல், மற்றவர்கள் கேட்கட்டும்' என்றால் ஒரே நாளில் அவர் நிலை மாறிவிடும்.

இனி நம் தமிழிலக்கணத்தில் உதவி கிடைக்குமா என்று பார்ப்போம். நிறையவே கிடைக்கும். உயிர்மெய்யைப் பிரித்தால் மெய்யும் உயிரும் ஆகும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். 'கல்' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. பிரித்துக் கேட்டால் க், அ, ல் என மூன்று ஒலி. ஆங்கில எழுத்தைப் படிப்பதற்கு வேண்டிய முதற்பயிற்சி இதுவே. தனி ஒலிகளைப் பிரித்துக் கேட்கவும் மீண்டும் சேர்க்கவும் தெரியாத பிள்ளை படிக்கத் தடுமாறும் என்று இக்காலத்துக் கல்வியாராய்ச்சியாளர் வற்புறுத்துவர். நாமோ புணர்ச்சி என்ற பெயரால் அதனைத் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் நம் முன்னோர் வகுத்துரைத்தனர். தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகரத்தின் பிறப்பிடம் பல்லும் இதழும் பொருந்துமிடம் என்று கூறுகிறது. ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்திரண்டாம் எழுத்தின் ஒலியும் அவ்விடத்தில் பிறப்பதுதான். அதற்கு அடுத்த எழுத்தோ பல்லைத் தொடாது. இதழைக் குவித்துச் சொல்ல வேண்டியது. தமிழ்ப்பிள்ளை இரண்டையும் ஒரே வகரமாகச் சொல்வதற்குக் காரணம், எவரும் அவனை இதழைக் குவிக்கச் சொல்லாமையே.

மற்றோர் ஒலி டகரம். ஆங்கிலேயர் நாவின் நுனியை மேற்பல்லின் ஈறோடு ஒட்டி அவ்வொலியைச் செய்கின்றனர். நாம் நாவை இன்னும் பின்னே வளைத்து அண்ணத்தில் வைக்கிறோம். ஈழத்தமிழர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். அவர்கள் றகர இரட்டையைப் பல்லீறை ஒட்டியே ஒலிப்பவராதலால், நாம் டிக்கெட் என்று எழுதுவதை ரிக்கற் என்றும், டொராண்டோ நகரை ரொறன்ரோ என்றும் எழுதுகின்றனர். அதைக் கண்டு நகைப்பவர் உண்டு. இடத்தைக் கருதினால் அவர்கள் எழுத்தே ஆங்கில ஒலிக்கு அருகில் இருக்கிறது.

ஒலிகளைத் தனித்தனியே அறிந்த பிறகு வரும் பெருந்தடை அவற்றின் சேர்க்கை. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. ஆகவே 'ஸ்கூல்' நம் வாயில் 'இஸ்கூல்' ஆகிறது. புத்தகத்தைக் குறிக்கும் சொல் 'புக்கு' ஆகிறது. இதனைச் சோம்பல் என்றோ நாட்டுப்புறத்தான் பேச்சு என்றோ எள்ளுதல் தகாது. லோகம் உலகம் ஆனதும், ராமன் இராமன் ஆனதும் இதே வகையில்தான். நன்னூலார் வடசொல் தமிழாகும் நெறியை விதியாகவே எழுதிவைத்தார். இஸ்கூல் என்று சொல்லும் சிறுவன் அந்நெறிக்குக் கீழ்ப்படிகிறான். அவன் அறியாமலே கீழ்ப்படிகிறான்.

ஆனால் ஆங்கிலம் அந்நெறியை அறியாதே! அங்கே ஓர் உயிரொலி கூடினால் பொருளே மாறிவிடும். மாநிலம் என்னும் பொருளில் 'ஸ்டேட்' என்பதற்கு முன்னே ஓர் உயிரைச் சேர்த்தால் அது தோட்டம் துரவைக் குறிக்கும் 'எஸ்டேட்' ஆகிவிடுகிறது. விளையாட்டைக் குறிக்கும் 'ஸ்போர்ட்' நடுவே உயிர் பெற்றால் ஆதரவைக் குறிக்கும் 'சப்போர்ட்' ஆகிவிடுகிறது. இதற்கு நல்ல மருந்து, முதல் ஒலியை நீட்டிச் சொல்வது. பாம்பு சீறுவதுபோல ஸ்ஸ்ஸ் என்று சீறி, மூச்சை விடாமல் 'கூல்' என்பதோடு சேர்த்துவிட வேண்டும். சிறுவர்கள் இதனை விளையாட்டாகவே கற்றுக்கொள்வர்.

பிறர் நாவும் இவ்வாறே தம் தாய்மொழிக்குக் கட்டுப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டுமா? பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்நிலப்பகுதி 1792-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே பணியாற்றினார், தர்மபுரியிலும் தங்கியிருந்தார். அவரைப் போன்றவர்கள் நாட்டு மொழிகளைக் கற்க முயன்றார்கள். ஆயினும் அவர்கள் இனத்தார் வாயில் திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிக்கேன்' ஆயிற்று. தரங்கம்பாடி 'ட்ராங்குபார்' ஆயிற்று. நாம் மெய்களுக்கு நடுவே உயிரைப் பெய்கிறோம். அவர்கள் இருந்த உயிரையும் விழுங்கிவிடுகிறார்கள்! அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. அரசாங்க ஏடுகளில் அப்பெயர்களையே நெடுங்காலம் எழுதிவந்தோம்.

உயிரை விழுங்கும் அவ்வழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லில் ஓரசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். மற்ற அசைகளின் உயிர்கள் குறுகித் தேய்ந்துவிடும். நாமோ எல்லா அசைக்கும் ஒத்த மதிப்புக் கொடுத்துப் பழகியவர்கள். குற்றியலுகரத்தில் உகரம் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிப்பதை நாம் அறிவோம். அத்தகைய குறுக்கம் ஆங்கிலத்தில் எல்லா உயிருக்கும் நேரும் என்று எண்ணிக்கொள்ளலாம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் ஓசை முதலசையில் ஓங்கும். அதைத் தொழிற்பெயராக்கி 'ஃபோட்டோகிராஃபி' என்றால் இரண்டாம் அசைக்குத் தாவும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாம் அசைக்குச் செல்லும். விகுதி மாறினால் ஓசை இடம்பெயர்கிறது. ஆகவே ஒலியை ஒரு பாடமாகவும் சொல்லமைப்பை வேறொரு பாடமாகவும் பிரித்து நடத்துவது பொருந்தாது.

நன்னூலார் பகுபதத்தின் உறுப்புகள் ஆறு என்றார்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். நீங்கள் 'நடந்தனன்' என்பதைப் பிரித்துப் பிரித்து அலுத்தவர்கள். அந்தக் கத்தியையே ஆங்கிலச் சொல்லின்மீதும் வைத்துப் பாருங்கள். செய்தான், உண்டான், தின்றான் என்னும் மூன்றிலும் இறந்தகாலம் காட்டும் இடைநிலை முறையே த், ட், ற் என வருகிறது. பகுதியின் ஈற்றெழுத்துக்கு ஏற்ப அது வேறுபடுகிறது. ஆங்கிலத்தின் இறந்தகால விகுதியும் இவ்வாறே மூன்று வகையாக ஒலிக்கும். நடத்தலைக் குறிக்கும் 'வாக்' என்னும் சொல் அதிர்வில்லாத ஒலியில் முடிவதால் விகுதியும் அதிர்வின்றி வரும். விளையாடுதலைக் குறிக்கும் 'பிளே' உயிரில் முடிவதால் விகுதி அதிர்ந்து வரும். விரும்புதலைக் குறிக்கும் 'வான்ட்' என்பதோ டகரத்திலேயே முடிவதால், இடையே ஓர் இகரம் நுழைந்து 'வான்டிட்' என்று ஆகும். தமிழர் ஒலித்தபடியே எழுதினர். ஆங்கிலேயர் மூன்றையும் ஒரே விதமாக எழுதிவிட்டு மூன்று விதமாகப் படிக்கின்றனர். அதனால்தான் நம் மாணவர் 'வாக்கெட்' என்று சொல்லிவிடுகின்றனர்.

மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். மகரம் ஙகரமாயிற்று, ககரத்திற்கு இனமான மெல்லெழுத்து அதுவே. ஆங்கிலத்தில் எதிர்மறை காட்டும் 'இன்' என்னும் முன்னொட்டு, 'பாசிபிள்' என்பதோடு சேரும்போது 'இம்பாசிபிள்' ஆகிறது. பகரம் இதழில் பிறப்பது. ஆகவே நகரமும் இதழுக்கு வந்து மகரமாகிறது. 'லீகல்' என்பதோடு சேர்ந்தால் 'இல்லீகல்'. 'ரெகுலர்' என்பதோடு சேர்ந்தால் 'இர்ரெகுலர்'. மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்து மறந்துபோகும் மாணவர், இது புணர்ச்சி என்று ஒருமுறை கண்டுகொண்டால் மறக்க வழியில்லை.

சொல்லமைப்பு எழுத்துக்கூட்டலுக்கும் விளக்கம் தரும். கையொப்பமிடுதலைக் குறிக்கும் 'சைன்' என்னும் சொல்லில் ஏழாம் எழுத்து ஒன்று பேசாமல் அமர்ந்திருக்கிறது. அதை வீண் என்று பழிப்பர். அதன் இனமான 'சிக்னேச்சர்' என்னும் சொல்லைச் சொல்லுங்கள், ஊமை பேசிவிடும்.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்லவேண்டும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. முதலில் ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெறுவர். அவர்கள் வேறு பலருக்குப் பயிற்சி தருவர். அவர்கள் இன்னும் பலருக்கு. உருளும்போது பெருகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரிட்டனர். நம் வெயிலுக்குப் பொருந்தாத பெயர்தான். வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்குவதே அதன் உயிர்நிலை. அது நல்லதே. ஆயினும் என் கருத்தில், வாக்கிய அமைப்பு கைமாறினாலும் கெடாது; ஒலியோ ஒவ்வொரு வாய் மாறும்போதும் சிறிது தேயும். ஒலியைக் கற்பிக்கும் ஆசிரியர் தம் காதாலேயே அதனைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலத்தின் அடிப்படையையும் எடுத்துக்கொண்டது. அத்தகைய முயற்சியிலும் இந்தக் கேள்விப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கு மறுமுறை சென்றபோது பாடநூலைத் திறக்கவில்லை. மாணவர்களின் வாயில் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டோம். சோறு கொண்டுவருவது டிபன் கேரியர். மிதிவண்டியின் பின்னே இருப்பது கேரியர். தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரிகளின் நெற்றியில் எழுதியிருப்பதும் கேரியர். மூன்றுக்கும் பொது என்ன என்று கேட்டேன். 'எல்லாம் சுமக்குதுங்க, ஐயா' என்றாள் ஒரு சிறுமி. சுமத்தலைக் குறிக்கும் 'கேரி' பகுதி. செய்வோனையும் செய்கருவியையும் காட்டும் 'அர்' விகுதி. பகுதியின் ஈற்றெழுத்து எழுதும்போது மாறியது விகாரம் என்று சொன்னேன். பிறகு அவர்களே டீச்சர், டிரைவர், பிளேயர் என்று அடுக்கத் தொடங்கினார்கள். ஒருவன் பேப்பர் என்றான். 'பேப் என்றால் என்ன?' என்று மற்றொருவன் மடக்கினான். அது பகாப்பதம் என்று சொல்லி அமைதிப்படுத்தினேன்.

முன்பு வாய் திறக்காமல் நின்ற மாணவன் அப்போது எழுந்தான். 'டீச்சர் என்பதிலே டீச் இருக்கிறது. டாக்டர் என்பதிலே டாக்ட் என்றால் என்ன, ஐயா?' என்று கேட்டான். ஆங்கிலத்தில் அதற்குப் பொருளில்லை; அது இலத்தீனிலிருந்து வந்த சொல், அங்கே அதன் பகுதிக்குக் கற்பித்தல் என்று பொருள் என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். 'அப்படியானால் டாக்டரும் டீச்சரும் ஒன்றுதானா?' என்றான். பொருளில் முன்பு ஒன்றாகவே இருந்தன என்று சொன்னேன். வகுப்பு முழுவதும் திரும்பித் தங்கள் ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தது, அவரும் சிரித்தார்.